மலிவுத்தாள் காலம் – 7: மாதம் ஒரு வானம்

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளின் அட்டைப்படங்களில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்துச் சுவர்க் காலண்டராக அச்சிட்டு விற்பது இன்று அந்நாட்டில் நன்றாகவே நடக்கும் வியாபாரம். தாளுக்குத் தாள் ஒரு ராக்கெட், ஓர் இரும்பு மனிதன், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் சனிக் கோள், ஆள் உயரத்துக்கு ஒரு வண்டு. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காலத்து ஆட்கள் எதிர்காலத்தை இப்படியெல்லாம் கனவு கண்டிருக்கிறார்களே! ஆனால் அந்தக் காலண்டர் தாளில் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. கீழே கட்டம் கட்டமாக இருப்பது நடப்பு ஆண்டின் மாதம். மேலே, பத்திரிகையின் பெயரை ஒட்டிப் பொடி எழுத்தில் இருப்பது 1926 ஏப்ரல், அல்லது 1929 நவம்பர். காலண்டரை மாட்டுகிறவர் கீழே உள்ளதைப் படிக்கிறார். மேலே உள்ளதை அலங்காரமாக எடுத்துக்கொள்கிறார். இந்த அத்தியாயத்தின் வாதம் அந்தப் பொடி எழுத்தைப் பற்றியது. இந்த அட்டைப்படங்களை எதிர்காலக் கனவுகளாக வாசித்தால் பாதிதான் புரியும். அவை தம்மேல் அச்சான மாதத்தின் சாட்சிகள். கடைக்காரரும் அச்சகமும் அன்றைய அச்சங்களும் சேர்ந்து வரைந்தவை. அப்படி வாசிக்கும்போதுதான் அவற்றின் மதிப்பு கூடுகிறது.

முதலில் அட்டை எதற்காக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஃபிராங்க் மன்சி 1896இல் தன் ‘ஆர்கசி’ பத்திரிகையை மலிவான மரக்கூழ்த் தாளுக்கு மாற்றிக் கதைகள் மட்டுமே நிரப்பிப் பத்து சென்ட்டுக்கு விற்ற கதையை முன்பே பார்த்தோம். அந்தத் தாள் சொரசொரப்பானது. அமிலம் ஏறி, சில ஆண்டுகளிலேயே பழுத்துப் பொடியும். வண்ணப் படம் அச்சிட அது உதவாது. ஆகவே செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் அட்டை என்றானது. வழவழப்பான தாள், பல வண்ண அச்சு, சம்பளத்துக்கு ஓர் ஓவியர். பத்திரிகைக் கடையில் டஜன் கணக்கான போட்டி இதழ்களுக்கு நடுவே, ரயிலுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவரின் காலை ஒரு நொடி நிறுத்துவதுதான் அந்த அட்டைக்கு இடப்பட்ட வேலை. அதில் அச்சான மாதமும் வாசகரைவிடக் கடைக்காரருக்கே அதிகம் தேவைப்பட்டது. அமெரிக்க இதழ்கள் அட்டையில் போட்ட மாதத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கடைக்கு வந்துவிடும். அந்தத் தேதி வெளியான நாளைக் குறிப்பதல்ல, எப்போது இறக்கிவிட்டு அடுத்த இதழை ஏற்றலாம் என்பதற்கான கணக்கு. அதாவது இந்தப் படங்கள் பிறந்தபோதே ஆயுள் ஒரு மாதம் என்று எழுதப்பட்டவை. காலண்டர் தாளுக்கும் ஆயுள் அதேதான். அந்த வகையில் இவை காலண்டருக்கு வந்ததை அந்நிய இடத்துக்கு வந்ததாகச் சொல்ல முடியாது.

அட்டையின் மேல்பகுதியை உற்றுப் பாருங்கள். இந்த ஓவியங்களில் வானம் எப்போதும் தாராளமாக இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று ஒரே நிறத்தில் அகலமாக விரிந்து கிடக்கிறது. அண்டவெளியின் எல்லையின்மையை ஓவியர் உணர்ந்து வரைந்தார் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. உண்மையான காரணம் இன்னும் எளிது: அங்கேதான் பத்திரிகையின் பெயர் உட்கார வேண்டும். ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழின் பெயர் இடது ஓரத்தில் பெரிய எழுத்தாகத் தொடங்கி வலப்புறம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும், வால்நட்சத்திரம் போல. கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கி இடது ஓரம் மட்டும் வெளியே தெரிந்தாலும், அந்த முதல் எழுத்து போதும், எந்தப் பத்திரிகை என்று தெரிந்துவிடும். படத்தின் கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் கதாசிரியர் பெயர்களுக்கு இடம் விட வேண்டும். மிச்சம் இருக்கும் நடுப்பகுதியில்தான் கோளும் கலமும் மனிதரும். எழுத்துகளை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் அச்சிடும் காலண்டர்களில் அந்த வானம் காரணமில்லாமல் காலியாகக் கிடப்பது இதனால்தான்.

இனி அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம். இந்த வகைக் காலண்டர்களில் தவறாமல் இடம்பிடிக்கும் ஒரு படம் 1926 ஏப்ரல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ அட்டை. லக்சம்பர்க்கில் 1884இல் பிறந்து 1904இல் அமெரிக்காவுக்கு வந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக், மின்கருவிகளும் ரேடியோ உறுப்புகளும் விற்றவர். அவற்றுக்கான பத்திரிகைகளை நடத்தியவர். அறிவியல் புனைகதைக்கென்றே நடத்தப்பட்ட முதல் ஆங்கிலப் பத்திரிகை என்று வரலாறு குறிக்கும் இதழை அவர்தான் தொடங்கினார். விலை 25 சென்ட். அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். அவரும் 1884இல் பிறந்தவர், ஆஸ்திரியாக்காரர், கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவர். உறைந்த கடலின்மேல் மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள்; பனி மேடுகளின்மேல் கப்பல்கள் ஏறி நிற்கின்றன; பின்னால் வளையங்களோடு சனி. புதிய யுகத்தின் முதல் படம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது சித்திரிக்கும் கதை ஜூல் வெர்ன் 1877இல் வெளியிட்ட நாவல். அந்த முதல் இதழில் வந்த கதைகள் அத்தனையும் மறுபிரசுரம்; வெர்ன், எச்.ஜி. வெல்ஸ், எட்கர் ஆலன் போ ஆகியோரின் பெயர்கள்தான் வியாபாரச் சரக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று கால் இயந்திரங்கள் தீ கக்கும் புகழ்பெற்ற அட்டை வந்தது. அந்தப் படத்துக்கான வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவல் 1898இலேயே புத்தகமாகிவிட்டது. 1926இன் எதிர்காலம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பழைய பிரெஞ்சு எதிர்காலம். புதிதாக இருந்தது ஓவியரின் கையும் அதை மாதாமாதம் விற்கும் ஏற்பாடும்தான்.

கதையைப் படித்துவிட்டு அதற்குப் படம் வரைவார்கள் என்பது நம் எதிர்பார்ப்பு. இந்தத் தொழிலில் பல சமயம் அது தலைகீழாக நடந்தது. 1926 டிசம்பர் அட்டைக்குக் கதையே கிடையாது. ஒரு பெரிய பயணிகள் கப்பலை உருண்டை ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போக, விசித்திர உருவங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியை பால் வரைந்தார். இதற்கு ஒரு கதை எழுதுங்கள், மொத்தப் பரிசு 500 டாலர் என்று கெர்ன்ஸ்பாக் அறிவித்தார். மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ். அறிவியல் புனைகதை இதழ்களில் தன் சொந்தப் பெயரில் எழுதிய முதல் பெண் என்று அவரை இன்று குறிப்பிடுகிறோம். அவர் கதை 1927 ஜூனில் வெளிவந்தது. ஆக, ஒரு முக்கியமான எழுத்தாளரின் வருகைக்கே அட்டைப்படம் கதவு திறந்தது. 1929இல் திவாலாகி ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையை இழந்த கெர்ன்ஸ்பாக், உடனே ‘சயின்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்’ தொடங்கினார். அதன் நவம்பர் இதழிலும் அதே உத்தி. தட்டு வடிவக் கலம் ஒன்று ஈஃபிள் கோபுரத்தைப் பெயர்த்துத் தூக்கிச் செல்கிறது. இது என்ன என்று வாசகர்தான் எழுத வேண்டும்.

அச்சகத்தின் பங்கு இன்னும் வேடிக்கையானது. வில்லியம் கிளேட்டன் பல வகைக் கதைப் பத்திரிகைகளை நடத்திவந்த பதிப்பாளர். அவருடைய இதழ்களின் வண்ண அட்டைகள் எல்லாம் ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சாகிப் பிறகு வெட்டப்பட்டன. அந்தத் தாளில் காலி இடம் இருந்தது. தாளுக்கும் அச்சுக்கும் எப்படியும் பணம் கொடுத்தாகிவிட்டது. இடம் வீணாகப் போகிறது. அதை நிரப்ப இன்னொரு பத்திரிகை வேண்டும் என்ற கணக்கே ‘அஸ்டவுண்டிங்’ பிறக்க முக்கியக் காரணங்களில் ஒன்று. ஹாரி பேட்ஸ் ஆசிரியராக, 1930 ஜனவரியில் முதல் இதழ் வந்தது. அட்டையில் வெஸ்ஸோ வரைந்த ராட்சத வண்டோடு மல்லுக்கட்டும் மனிதன். பின்னாளில் அசிமோவ், ஹைன்லைன் ஆகிய எழுத்தாளர்களை வளர்த்தெடுத்த பத்திரிகை அது. அதற்கு வித்திட்டது விண்வெளித் தாகம் அல்ல, அச்சுத் தாளில் மிஞ்சிய ஒரு கட்டம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வியாபாரக் காரணங்கள் இருந்திருக்கட்டும். இந்தப் படங்கள் பலவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டனவே, விண்வெளி உடை, ராக்கெட், பறக்கும் தட்டு வந்தனவே என்று கேட்கலாம். கடைசி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பறக்கும் தட்டு என்ற சொல் பிறந்தது 1947 ஜூனில், வாஷிங்டன் மாநிலத்து மலைகளுக்கு மேலே விசித்திரப் பொருள்களைக் கண்டதாக விமானி கென்னத் அர்னால்ட் சொன்ன பிறகு. தண்ணீர்மேல் வீசிய தட்டு எம்பி எம்பிப் போவதைப் போல அவை நகர்ந்தன என்று அவர் அசைவைத்தான் விவரித்தார். செய்தித்தாள்கள் அதைப் பொருளின் வடிவமாக்கிவிட்டன. அதன்பின் மக்கள் கண்டதெல்லாம் தட்டு. தட்டு வடிவக் கலமோ 1929லேயே கடைகளில் தொங்கியிருக்கிறது. இதை முன்னறிவிப்பு என்பதா? ஒரு படம் மக்கள் பார்வையில் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தது, பிறகு வானத்தில் எதையோ கண்டவர்களுக்கு அந்த வடிவம் கைகொடுத்திருக்கலாம் என்பதே அடக்கமான முடிவு. பலித்ததை எண்ணுகிறவர்கள் பலிக்காததையும் எண்ண வேண்டும். ஆள் உயர வண்டும் கப்பலைத் தூக்கும் உருண்டையும் அதே ஓவியர்களின் கையிலிருந்து வந்தவைதான். நூற்றுக்கணக்கான அட்டைகளில் சிலவற்றின் சாயல் பின்னால் நிஜமானது என்பது தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாகாது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. எல்லாரும் வண்டு வரையவில்லை. அறிவியலைக் கண்டிப்போடு பின்பற்றிய அட்டைகளும் இருந்தன. உண்மைதான். ‘அஸ்டவுண்டிங்’ இதழுக்கு 1937இன் கடைசியில் ஆசிரியரான ஜான் டபிள்யூ. கேம்ப்பெல், அன்றைய வானியலுக்குப் பொருந்தும் காட்சிகளை அட்டையில் கேட்டார். 1938 பிப்ரவரி இதழில் ஹோவர்ட் வி. பிரவுன் புதன் கோளிலிருந்து தெரியும் சூரியனை வரைந்தார். அந்த வழியில் உச்சத்தைத் தொட்டவர் செஸ்லி போன்ஸ்டெல். சனியின் துணைக்கோளான டைட்டனில் நின்று சனியைப் பார்க்கும் அவருடைய ஓவியம் 1944 மே மாதம் ‘லைஃப்’ இதழில் வந்தது. 1947 முதல் ‘அஸ்டவுண்டிங்’ அட்டைகளிலும் வரைந்தார். கோணமும் தூரமும் கணக்கிட்டு வரைந்தவர். ஆனால் அவர் காட்டியது எதிர்காலத்தையா? 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது கண்டது ஆரஞ்சு நிற மூட்டம். அந்த மூட்டத்தை ஊடுருவிச் சனியைக் கண்ணால் காண வழியில்லை. அவர் வரைந்த நிலவு மலைகள் ஊசி முனைகளாகச் செங்குத்தாக நின்றன. 1969 முதல் மனிதர் போய் நின்றபோது அந்த மலைகள் மழுங்கி உருண்டு கிடந்தன. இது போன்ஸ்டெலின் குறை அல்ல. தன் காலம் நம்பியதை அவர் மிகக் கவனமாக வரைந்தார். அதனாலேயே அந்த ஓவியங்கள் 1944 என்ன அறிந்திருந்தது என்பதற்கு மிகச் சிறந்த ஆவணங்கள். மிகக் கவனமான ஓவியரும் தன் மாதத்தைத்தான் வரைந்தார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிராங்க் பால் 1963இல் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1965 ஜூலையில், மரினர் 4 செவ்வாயைக் கடந்து சென்று எடுத்தனுப்பிய இருபத்துச் சொச்சம் படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன. கால்வாயும் நகரமும் கொண்ட அட்டைப்படச் செவ்வாய் அன்றோடு முடிந்தது.

சரி, சாட்சி என்றால் எதற்குச் சாட்சி? 1928 ஆகஸ்ட் ‘அமேசிங்’ அட்டையைப் பார்க்கலாம். முதுகில் கருவியைக் கட்டிக்கொண்டு ஒருவர் காற்றில் மிதக்கிறார். பக் ராஜர்ஸ் என்ற புகழ்பெற்ற நாயகனின் முதல் தோற்றம் என்று இந்தப் படத்துக்குக் கீழே பலர் எழுதிவிடுகிறார்கள். பக் ராஜர்ஸாகப் பின்னாளில் படக்கதையில் வளர்ந்த பாத்திரம் அதே இதழில், ஃபிலிப் ஃபிரான்சிஸ் நோவ்லன் எழுதிய கதையில் அறிமுகமானது மெய். அட்டையில் மிதப்பவரோ இ.இ. ஸ்மித்தின் ‘ஸ்கைலார்க்’ தொடரின் ஆள். பெயர் மாறியதைவிட முக்கியமானது, பெயர் மாறும்போது மறைந்துபோகும் விஷயம். நோவ்லனின் கதையில் 25ஆம் நூற்றாண்டு அமெரிக்காவை ஆசியாவிலிருந்து வந்த ‘ஹான்’ படை அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது. ஆசியர் குடியேறுவதை ஏறக்குறைய முற்றிலும் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1924இல் வந்தது. நான்கு ஆண்டு இடைவெளியில் சட்டமும் கதையும் ஒரே அச்சத்தைப் பேசுகின்றன. மிதக்கும் மனிதனின் உல்லாசப் படத்துக்கு அடியில் இந்த அச்சம் இருந்தது என்பதைக் காலண்டரின் பளபளப்பு சொல்லாது, தேதி சொல்லும். அதேபோல 1930களின் பிற்பகுதியில் இதழ்கள் பெருகிப் போட்டி முற்றியபோது, அட்டைகளில் துருத்திய கண் பூதமும் அதன் பிடியில் அரைகுறை ஆடைப் பெண்ணும் நிரந்தரமானார்கள். ‘த்ரில்லிங் வொண்டர்’ இதழுக்கு எர்ல் பெர்கி வரைந்த அட்டைகள் இதற்குப் பேர்போனவை. இதுவும் மக்கள் கனவு அல்ல. 1939இல் அந்த இதழின் வாசகர் கடிதப் பகுதியிலேயே, அட்டைகளில் துருத்திய கண் பூதங்களைத் தடுக்கும் சங்கம் என்று நீளப் பெயர் வைத்து ஒருவர் கிண்டல் செய்தார். வாசகர் சிரித்தார்கள், கடைக்கணக்கு கேட்டதைத்தான் ஓவியர் தொடர்ந்து வரைந்தார்.

இப்படிப் பார்த்தால் கலைக்கு இடமே இல்லையா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. இடம் இருக்கிறது. கட்டளைக்குள் நின்று ஓவியர் எங்கே மீறினார் என்று பார்க்கக் கட்டளை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாலுக்கு மனித முகம் வசப்படவில்லை. அவருடைய மனிதர்கள் கட்டட வரைபடத்தில் அளவு காட்ட நிறுத்திவைத்த பொம்மைகள் போல் இருக்கிறார்கள். ஆனால் நகரத்தையும் இயந்திரத்தையும் வரையும்போது ஒவ்வொரு ஆணியும் எங்கே போகிறது என்று அறிந்தவரின் உறுதி தெரிகிறது. கூவி விற்க ஒரு பெரிய உருவம் போதும் என்ற இடத்தில், கடைசி மாடியின் ஜன்னல் வரை எண்ணி வரைந்தார். அதை யாரும் கேட்கவில்லை. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு, சிறப்பு விருந்தினராக எந்த எழுத்தாளரையும் அழைக்காமல் இந்த ஓவியரை அழைத்தது காரணமில்லாமல் அல்ல. பதிப்பாளர்களோ மூல ஓவியங்களை அச்சானதும் தீர்ந்துபோன சரக்காக நினைத்தார்கள். பெரும்பாலானவை அழிந்தன. ராபர்ட் லெஸ்ஸர் போன்ற ஒருசில சேகரிப்பாளர்கள் காப்பாற்றியவை 2003இல் புரூக்ளின் அருங்காட்சியகச் சுவருக்கு வந்தன. இன்று காலண்டரில் நாம் காண்பது பெரும்பாலும் ஓவியத்தின் படம் அல்ல, பிழைத்துக் கிடந்த அட்டையின் படம். உள்தாள் பொடிந்த பின்னும் வழவழப்பான அட்டை தாக்குப்பிடித்ததால் கிடைத்த மிச்சம்.

காலண்டர்காரர் பன்னிரண்டைப் பொறுக்கும்போதே வரலாற்றைத் திருத்திவிடுகிறார் என்று ஒருவர் சொன்னால் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அழகான ராக்கெட்டுகள் உள்ளே வருகின்றன. மந்தமானவையும் இன்று கூச வைப்பவையும் வெளியே நிற்கின்றன. உரிமைச் சட்டமும் பொறுக்குகிறது. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பல மலிவுத்தாள் இதழ்களுக்கு அதைச் செய்ய ஆளில்லை. புதுப்பித்தவையும் 95 ஆண்டுக்குப் பின் பொதுச் சொத்தாகின்றன; 1926 இதழ்கள் 2022 ஜனவரி 1 அன்று அப்படி ஆயின. கேட்க ஆளில்லாத படம் மலிவாகச் சுவரேறுகிறது. ஆனால் இதற்கு மருந்தும் காலண்டருக்குள்ளேயே இருக்கிறது. பத்திரிகைப் பெயரையும் விலையையும் மாதத்தையும் வெட்டாமல் அட்டையை முழுதாக அச்சிடுகிற காலண்டர், அருங்காட்சியகத்துச் சட்டகத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது. அந்தப் படம் விற்பனைக்கு இருந்தது, இன்ன விலைக்கு, இன்ன மாதம் வரை என்று அது மறைக்காமல் சொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கோடு நிறுத்தலாம். 1926 வெள்ளிக்கிழமையில் தொடங்கிய சாதாரண ஆண்டு. 2027உம் அப்படியே. ஆகவே 1926க்கு அச்சிட்ட காலண்டர் ஒன்று எங்காவது கிடைத்தால், கிழமை ஒன்றுகூடப் பிசகாமல் 2027இல் சுவரில் மாட்டலாம். பண்டிகைகள்தான் இடம் மாறியிருக்கும். கீழே உள்ள கட்டங்கள் திரும்பி வரும். மேலே, சனியின் அடியில் பனிச்சறுக்கு விளையாடும் கூட்டம் திரும்பி வராது. அது ஒரே ஒரு ஏப்ரலுக்குச் சொந்தம். அந்த ஏப்ரலில் 25 சென்ட்டை எடுத்து நீட்டியவர்கள் யார், வாங்கிப் படித்தபின் பத்திரிகைக்கு என்ன எழுதினார்கள், அந்தக் கடிதங்களிலிருந்து ரசிகர் சங்கங்கள் எப்படி முளைத்தன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)